அலாரம் அலறினால் போலீஸ் உடனே ஓட வேண்டுமா?

தீபாவளி, சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் விடுமுறை வந்தால் கிள்ளான் பள்ளத்தாக்கின் தாமான்களில் பூட்டிய வீடுகள் பெருகிவிடும். ஊருக்குப் போகிறவர்கள் அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் தகவல் சொல்லிவிட்டுப் போகும்படி அரச மலேசிய போலீஸ் படை பெருநாள்தோறும் கேட்டுக்கொள்கிறது. அதோடு நாம் நம்பியிருக்கும் இன்னொரு காவல், சுவரில் மாட்டிய அலாரம்.

அந்த அலாரம் முதல் முறை அலறும்போது அக்கம்பக்கத்தார் வெளியே ஓடிவந்து பார்ப்பார்கள். இரண்டாம் முறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள். ஐந்தாம் முறை, “அந்த வீட்டு அலாரத்துக்கு இதே வேலை” என்று தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிவிடுவார்கள். “புலி வருது, புலி வருது” என்று கத்திய பையனின் கதைதான். புலி உண்மையாக வரும் நாளில் யாரும் வரமாட்டார்கள்.

பக்கத்து வீட்டார் காதைப் பொத்திக்கொள்ளலாம். போலீஸ் அப்படிச் செய்ய முடியாது. ஒவ்வோர் அலறலுக்கும் ரோந்து கார் போனால் வேறிடத்தில் கார் இல்லாமல் போகும். போகாமல் விட்டால் ஒரு நாள் உண்மையான திருட்டு தப்பிவிடும். இரண்டுக்கும் நடுவில் நல்ல வழி உண்டா? அதற்கு விடை தேட நமக்குக் கொஞ்சம் இயற்பியலும் கொஞ்சம் நிகழ்தகவும் போதும்.

170 ஆண்டுப் பழைய கருவி, பழைய தொல்லை

மின்சாரத் திருட்டு அலாரத்துக்கு 1853இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த அகஸ்டஸ் ரசல் போப். கதவோ ஜன்னலோ திறந்தால் மின்சுற்று இணையும். மின்காந்தம் இயங்கி மணி அடிக்கும். அந்த உரிமையை 1857இல் எட்வின் ஹோம்ஸ் என்பவர் விலைக்கு வாங்கி அதைப் பெரிய வணிகமாக வளர்த்தார்.

வணிகம் வளர்ந்தது, பொய் அலாரமும் கூடவே வளர்ந்தது. அமெரிக்கப் போலீஸ் துறைகளுக்காக எழுதப்பட்ட ஒரு வழிகாட்டி நூல், அலாரம் கேட்டுப் போலீஸ் போகும் தடவைகளில் 94 முதல் 98 விழுக்காடு பொய் என்று சொல்கிறது. 2000களின் தொடக்கத்தில் அந்நாட்டுப் போலீசார் ஆண்டுக்குச் சுமார் 36 மில்லியன் முறை இப்படி ஓடினார்கள். அதற்கான செலவு ஏறத்தாழ 1.8 பில்லியன் அமெரிக்க டாலர்.

இதற்கும் 999க்கு வரும் குறும்பு அழைப்புக்கும் வேறுபாடு உண்டு. வேண்டுமென்றே பொய்யாக 999ஐ அழைப்பவர் மீது 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின்கீழ் நடவடிக்கை எடுக்கலாம். பொய் அலாரத்தில் கெட்ட நோக்கம் இல்லை. ஒரு கருவி ஏமாந்துபோகிறது, அல்லது ஒரு மனிதர் மறந்துபோகிறார். ஆகவே, முதலில் கருவி எப்படி ஏமாறுகிறது என்று பார்ப்போம்.

சுவரில் இருக்கும் கண்

வீட்டு மூலையில், கூரைக்குச் சற்றுக் கீழே, வெள்ளை நிறத்தில் கையடக்கமாக ஒரு பெட்டி இருக்கும். அதன் பெயர் பி.ஐ.ஆர். சென்சார். அது எந்தக் கதிரையும் வீசுவதில்லை. வருகிற அகச்சிவப்புக் கதிரைப் பெறுவது மட்டுமே அதன் வேலை.

எல்லாப் பொருளும் தன் வெப்பநிலைக்கு ஏற்பக் கதிர் வீசுகிறது. அந்தக் கதிர் எந்த அலைநீளத்தில் உச்சமாக இருக்கும் என்பதை 1893இல் ஜெர்மானிய இயற்பியலாளர் வில்ஹெம் வீன் கண்டறிந்தார். 2898ஐக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால் அலைநீளம் மைக்ரோமீட்டரில் கிடைக்கும். நம் தோலின் வெப்பநிலை சுமார் 33 டிகிரி செல்சியஸ், அதாவது 306 கெல்வின். 2898ஐ 306ஆல் வகுத்தால் ஏறத்தாழ 9.5. நம் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியின் அலைநீளம் 0.7 மைக்ரோமீட்டர்தான். ஆகவே இருட்டில் நடக்கும் திருடன் நம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சென்சாருக்கு ஒளிரும் உருவமாகத் தெரிவான்.

பெட்டியின் முகப்பில் உள்ள பிளாஸ்டிக் தகட்டில் மெல்லிய வரிகள் இருக்கும். அதுதான் பிரெனெல் வில்லை. அது அறையை விசிறி மடிப்புப் போலப் பல பட்டைகளாகப் பிரிக்கிறது. உள்ளே ஒரு சிறப்புப் படிகம் இரு பாதிகளாக இருக்கிறது. தன் வெப்பநிலை மாறும்போது மட்டும் அந்தப் படிகத்தில் மின்னூட்டம் தோன்றும். இரு பாதிகளும் எதிரெதிராக இணைக்கப்பட்டவை. அறை முழுதும் மெல்லச் சூடேறினால் இரு பாதிகளும் ஒரே அளவில் மாறி, ஒன்றையொன்று நீக்கிவிடும். ஒரு மனிதர் பட்டைகளைக் கடந்து நடந்தால் முதலில் ஒரு பாதி, பிறகு மறு பாதி என்று மாறி மாறித் துடிப்பு எழும். அந்தத் துடிப்பே அலாரத்தை இயக்கும்.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சென்சார் “திருடன்” என்பதை அறிவதில்லை. “வெப்பநிலையில் வேறுபட்ட ஏதோ ஒன்று நகர்ந்தது” என்பதை மட்டுமே அறிகிறது. மீதியை நாம் ஊகிக்கிறோம்.

நம் வீடுகளில் அது ஏமாறும் விதங்கள்

முதல் குற்றவாளி பல்லி. ஐந்து மீட்டர் தள்ளிச் சுவரில் ஓடும் பல்லியைச் சென்சார் பொருட்படுத்தாது. அதே பல்லி வில்லையின் மேலேயே ஊர்ந்தால் கதை வேறு. கட்டைவிரலைக் கண்ணருகே வைத்தால் 452 மீட்டர் உயர இரட்டைக் கோபுரமே மறைந்துவிடுகிறதல்லவா? அதுபோல வில்லைமேல் நடக்கும் பல்லி அந்தக் கண்ணுக்கு ராட்சத உருவம். கரப்பான், சிலந்தி, பெட்டிக்குள் கூடு கட்டும் எறும்பு எல்லாம் இதே கணக்கில் சேரும்.

அடுத்தது வெப்பம். பூட்டிய மாடி வீட்டில் பிற்பகலில் சுவரே 33, 34 டிகிரிக்கு வந்துவிடும். அப்போது மனிதத் தோலுக்கும் சுவருக்கும் வேறுபாடு மிகக் குறைவு; திருடன் சுவரோடு கலந்துவிடுகிறான். இதைச் சமாளிக்கப் பல கருவிகள் அந்த வெப்பநிலையில் தம் உணர்திறனைத் தாமே கூட்டிக்கொள்கின்றன. கூட்டினால் திருடன் அகப்படுவான். வெயில் பட்டுச் சூடான திரைச்சீலை காற்றில் அசைந்தாலும் அகப்படும். ஓடவிட்ட மின்விசிறி, பிறந்தநாளுக்குக் கட்டிய பலூன், சென்சாரின் நேர்ப்பார்வையில் எரியும் சாமி விளக்கு எல்லாமே சந்தேகத்துக்கு உரியவை ஆகிவிடும்.

மூன்றாவது இடி மின்னல். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 நாள் இடி கேட்கிறது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மாலை மழை பொழியும்போது அலாரங்கள் கூட்டமாக அலறுவதைக் கேட்டிருப்பீர்கள். அருகில் மின்னல் விழுந்தால், கூரைக்குமேல் ஓடும் நீண்ட கம்பிகளில் மின்னழுத்தம் திடீரென எழும். கருவி அதைத் துடிப்பு என்று எண்ணிக்கொள்ளும். மின்சாரம் துண்டிக்கப்படும்போது வேலை பார்க்க வேண்டிய 12 வோல்ட் மின்கலமும் பழையதாக இருந்தால் குழப்பம் இரட்டிப்பாகும். இவ்வகை ஈய மின்கலத்தின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடினால் ஏறத்தாழ பாதியாகக் குறையும். நம் நாட்டுச் சூட்டில் அது சீக்கிரமே களைத்துப்போவதில் வியப்பில்லை.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம் நாமே. குறியீட்டு எண்ணை மறந்த தாத்தா, வீட்டில் ஆள் இருப்பது தெரியாமல் அலாரத்தைப் போட்டுவிட்டுப் போன அண்ணன், சரியாகச் சாத்தாத பின்கதவு. பொய் அலாரங்களை ஆராய்ந்த நாடுகளில் பயனீட்டாளரின் தவறே முன்னணியில் நிற்கிறது.

நல்ல கருவி வாங்கினால் தீராதா?

வகுப்பில் இதைப் பேசினால் இந்தக் கேள்வி தவறாமல் வரும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். இதில் வரும் எண்கள் யாவும் கணக்குக்காக நாம் வைத்துக்கொள்பவை.

ஒரு தாமானில் அலாரம் பூட்டிய 1000 வீடுகள். ஆண்டுக்கு 10 வீடுகளில் திருடன் நுழைகிறான். கருவி அந்தப் பத்தையும் பிடித்துவிடுகிறது. ஒவ்வொரு கருவியும் ஆண்டுக்கு ஒரே ஒரு முறை மட்டும் பொய்யாக அலறுகிறது. 365 நாளில் ஒரு தவறு என்றால் நல்ல கருவிதானே?

மொத்த அலறல் 1010. அதில் உண்மை 10. அதாவது 99 விழுக்காடு பொய்.

சரி, பத்து மடங்கு சிறந்த கருவி வாங்குவோம். பத்தாண்டுக்கு ஒரு முறைதான் தவறும். இப்போது ஆண்டுக்குப் பொய் 100, உண்மை 10. இன்னமும் 91 விழுக்காடு பொய். பாதிக்குப் பாதி என்ற நிலைக்கு வரவேண்டுமானால் ஒரு கருவி 100 ஆண்டுக்கு ஒரே முறைதான் தவறலாம். பல்லியும் இடியும் உள்ள ஊரில் அது நடக்கிற காரியமா?

குறை கருவியின் தரத்தில் மட்டும் இல்லை. தேடும் பொருள் அரிதாக இருப்பதுதான் மூலம். வைக்கோற்போரில் ஊசி தேடும்போது கையில் அகப்படுவதில் பெரும்பாலானவை வைக்கோலாகத்தான் இருக்கும். அரிய நிகழ்வைத் தேடும் எந்தச் சோதனைக்கும், அது மருத்துவச் சோதனையாக இருந்தாலும், இந்த விதி பொருந்தும். இதன் அடிப்படையை வகுத்த ஆங்கிலேயப் பாதிரியார் தாமஸ் பேய்ஸின் கட்டுரை அவர் இறந்த பிறகு 1763இல் வெளிவந்தது.

இனி நேரத்தைக் கணக்கிடுங்கள். ஓர் அலறலுக்கு இரண்டு போலீசார் போய், சுற்றிப் பார்த்து, திரும்ப 20 நிமிடம் என்று வைப்போம். 1000 பொய் அலறலுக்கு 40,000 நிமிடம். ஏறத்தாழ 667 மணி நேரம். எட்டு மணி நேர வேலையாகப் பார்த்தால் ஒருவரின் 83 வேலை நாள். ஒரே ஒரு தாமானுக்கு மட்டும்!

அந்த நேரம் யாருடையது? பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் ஒரு ரோந்து கார் கொண்டோமினியம் ஒன்றின் பொய் அலாரத்தைப் பார்க்கப் போயிருக்கும்போது, ஜாலான் துன் சம்பந்தனில் ஒரு பாட்டியின் கைப்பையை மோட்டார் சைக்கிளில் வந்தவன் பறித்தால் என்ன ஆகும்? கிள்ளானில் அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருக்கும் குடும்பத்திடம் அலாரம் இல்லை. ஆனால் போலீசின் நேரத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு. பொய் அலாரம் வசதியுள்ளவர் வீட்டில் அடிக்கிறது. அதன் விலையைத் தெருவில் நடப்பவரும் கொடுக்கிறார்.

இரண்டாம் சாட்சி

நீதிமன்றத்தில் ஒரு சாட்சி தடுமாறினால் இன்னொரு சாட்சியை விசாரிக்கிறோம். அலாரத்துக்கும் அதே வழிதான். ஒரு சென்சார் மட்டும் சொன்னால் நம்பாதே. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு சென்சார்கள் அடுத்தடுத்துச் சொன்னால் நம்பு.

நான்காம் படிவக் கணிதத்தில் இணைந்த நிகழ்வுகளின் நிகழ்தகவு படித்தவர்களுக்கு இது எளிது. கதவில் காந்த சென்சார், கூடத்தில் பி.ஐ.ஆர். இரண்டும் மட்டமானவை, ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 5 முறை பொய் சொல்லும் என்று வைப்போம். ஒன்று பொய் சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னோ பின்னோ மற்றதும் தற்செயலாகப் பொய் சொல்ல வேண்டும். அந்த இடைவெளி ஒரு மணி நேரம்; ஆண்டுக்கு 8760 மணி நேரம்.

5 × 5 ÷ 8760 = 350இல் 1 பங்கு.

அதாவது ஒரு வீட்டில் 350 ஆண்டுக்கு ஒரு முறை. 1000 வீடுகளுக்கு ஆண்டில் சுமார் 3 பொய். ஆயிரம் எங்கே, மூன்று எங்கே!

இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. ஒவ்வொரு சென்சாரும் 100 திருடரில் 95 பேரைப் பிடிக்கும் என்றால், இரண்டும் சேர்ந்து பிடிப்பது 0.95 × 0.95, அதாவது சுமார் 90 விழுக்காடு. பத்துத் திருட்டில் ஒன்று நழுவும். அப்படியும் 12 அழைப்பில் 9 உண்மை. போலீசார் ஒவ்வொரு முறையும் “இது திருட்டாகத்தான் இருக்கும்” என்ற எண்ணத்தோடு விரைவார்கள். வேகம் அந்த நம்பிக்கையிலிருந்துதான் வருகிறது.

இந்தக் கணக்கின் உயிர்நாடி “ஒன்றோடொன்று தொடர்பில்லாத” என்ற சொற்கள். ஒரே மின்னல் இரண்டு கம்பிகளையும் தாக்கினால் இரு சாட்சிகளும் ஒரே பொய்யைச் சொல்வார்கள். எண்ணை மறந்த தாத்தா கதவையும் திறக்கிறார், கூடத்திலும் நடக்கிறார். இரண்டு சென்சாரும் “திருடன்” என்கின்றன. ஆகவே இரண்டாம் சாட்சி வேறு வகையாக இருப்பது இன்னும் நல்லது. கேமரா காட்டும் படம், உள்ளிருந்து வரும் ஒலி, வீட்டுக்காரருக்குப் போகும் தொலைபேசி அழைப்பு, நேரில் பார்த்த காவலாளி ஆகியவற்றுள் ஒன்று இருந்தால் போதும்.

மற்ற நகரங்கள் என்ன செய்தன?

அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி 2000ஆம் ஆண்டு இறுதியில் ஒரு விதி கொண்டுவந்தது. வீட்டு அலாரம் அடித்தால் முதலில் தனியார் பாதுகாப்புக் காவலர் போய்ப் பார்க்க வேண்டும். திருட்டின் அறிகுறி இருந்தால் போலீஸ் வரும். அலாரத்துக்காகப் போலீஸ் ஓடும் ஓட்டம் சுமார் 90 விழுக்காடு குறைந்தது. கனடாவின் டொரோண்டோ நகரப் போலீஸ் 2018 முதல் ஒலி, படம், ஒன்றுக்கு மேற்பட்ட சென்சார், நேரில் பார்த்த சாட்சி ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைக் கேட்கிறது.

பிரிட்டனில் போலீசை அழைக்கும் ஒவ்வோர் அலாரத்துக்கும் தனிப் பதிவெண் உண்டு. ஓராண்டுக்குள் 3 முறை பொய்யாக அழைத்தால் உடனடிப் போலீஸ் வருகை என்ற சலுகை நின்றுவிடும். கருவியைச் சரிசெய்து காட்டிய பிறகுதான் மீண்டும் கிடைக்கும். அமெரிக்காவின் பல நகரங்கள் ஆண்டுக்குச் சில தவறுகளை மன்னித்துவிட்டு அதற்குமேல் கட்டணம் வாங்குகின்றன.

எல்லா அலாரமும் ஒன்றல்ல

சால்ட் லேக் சிட்டியில் இந்த விதி திருட்டு அலாரத்துக்குத்தான். கொள்ளையன் எதிரில் நிற்கும்போது கடைக்காரர் அழுத்தும் ஆபத்துப் பொத்தானுக்கு அங்கே போலீஸ் உடனே போகிறது.

ஜாலான் தெங்கு கிளானாவில் ஒரு நகைக்கடையைக் கற்பனை செய்யுங்கள். அங்கே பொத்தானை அழுத்துவது ஒரு மனிதர். அவரே முதல் சாட்சி. அந்த அழைப்பைத் தவறவிட்டால் போவது உயிராக இருக்கலாம். பூட்டிய வீட்டில் தவறவிட்டால் போவது பொருள். எவ்வளவு சான்று கேட்க வேண்டும் என்பதைக் கருவி தீர்மானிப்பதில்லை. தவறினால் வரும் இழப்பின் அளவே தீர்மானிக்கிறது. உயிர் என்றால் பத்துப் பொய்யையும் பொறுத்துக்கொண்டு ஓட வேண்டும்.

நம் பள்ளத்தாக்குக்கு ஏற்ற வழி

நமக்குத் தேவையான உறுப்புகள் பலவும் ஏற்கெனவே இங்கே உண்டு. பல தாமான்களின் வாயிலில் காவலாளி இருக்கிறார். தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் 1971ஆம் ஆண்டின் தனியார் ஏஜென்சிகள் சட்டப்படி உரிமம் பெற்று இயங்குகின்றன. 1975இல் தொடங்கிய ருக்குன் தெத்தாங்கா அண்டை அயலாரை இணைக்கிறது. இவற்றை ஒழுங்காகக் கோத்தால் போதும்.

முதலாவது, போலீசை அழைக்கும் அலாரங்களுக்குப் பதிவு வேண்டும். சாவி வைத்திருப்பவர் இருவரின் தொடர்பு எண் அதில் இருக்க வேண்டும். இரண்டாவது, ஆளில்லாத வீட்டுக்கு ரோந்து கார் புறப்படும் முன் இரண்டாம் சாட்சி கேட்க வேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு பொய் அலாரத்துக்கும் காரணம் எழுதி வீட்டுக்காரருக்குத் தெரிவிக்க வேண்டும். பல்லியா, மின்கலமா, தாத்தாவா என்று தெரிந்தால்தானே திருத்த முடியும்? நான்காவது, சொல்லியும் திருத்தாதவரிடம் மட்டும் கட்டணம். முதல் தவறுக்கே தண்டித்தால் மக்கள் பயந்து அலாரத்தையே அணைத்துவிடுவார்கள். அது யாருக்கும் நன்மை அல்ல.

ஒன்றை மறக்கக் கூடாது. சாட்சி சொல்லும் அண்டை வீட்டார் வெளியிலிருந்து பார்த்தால் போதும். உடைந்த பூட்டையோ புதிய ஆளையோ கண்டால் தள்ளி நின்று 999ஐ அழைக்க வேண்டும். உள்ளே நுழைந்து வீரம் காட்டக் கூடாது.

இந்த வாரம் வீட்டில் செய்து பாருங்கள்

- சென்சாரின் வில்லையை உலர்ந்த மென்துணியால் துடையுங்கள். பெட்டியின் இடுக்குகளில் எறும்பு, சிலந்திவலை உள்ளதா என்று பெரியவர் உதவியுடன் பாருங்கள்.
- சென்சாரின் பார்வையில் திரைச்சீலை, மின்விசிறி, சாமி விளக்கு இருந்தால் சென்சாரின் இடத்தை மாற்றச் சொல்லுங்கள்.
- மின்கலத்தின் மேல் பொருத்திய தேதியை எழுதி வையுங்கள். மூன்றாண்டு கடந்திருந்தால் சோதிக்கச் சொல்லுங்கள்.
- தாத்தா, பாட்டி, வீட்டு உதவியாளர் எல்லாரும் அலாரத்தை அணைக்க ஒரு முறை பழகட்டும்.
- கருவி தானாகவே 999ஐ அழைக்கும்படி அமைக்காதீர்கள். ஒரு மனிதர் பார்த்து, பேசி, அழைக்கட்டும்.

சிந்திக்க

1. மேலே உள்ள கணக்கில் ஒவ்வொரு சென்சாரும் ஆண்டுக்கு 10 முறை பொய் சொன்னால், 1000 வீடுகளில் இரண்டும் சேர்ந்து பொய் சொல்வது ஆண்டுக்கு எத்தனை முறை? (விடை: சுமார் 11. தவறு இரு மடங்கானால் தற்செயல் நான்கு மடங்காகும்.)

2. பி.ஐ.ஆர். சென்சார் முன் ஒருவர் அசையாமல் நின்றால் அலாரம் அடிக்குமா? (விடை: அடிக்காது. படிகம் வெப்பநிலை மாற்றத்துக்கு மட்டுமே மின்னூட்டம் காட்டும்.)

3. உங்கள் பள்ளித் தீயணைப்பு மணிக்கும் இரண்டாம் சாட்சி கேட்டு, அதன் பிறகுதான் வகுப்பிலிருந்து வெளியேற வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார். தவறினால் எது போகும் என்று முதலில் எழுதுங்கள். பிறகு அவருக்குப் பதில் சொல்லுங்கள்.